படிப்பகத்துக் கரும்பலகையில் செய்தித் தொகுப்பு: தப்பு எங்கே நுழைகிறது?

காங்கயம் பக்கத்து ஊரில் படிப்பகம் நடத்தும் இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள்: "தினமும் காலைல கரும்பலகையில அரசியல், விளையாட்டு, உலகம்னு மூணு தலைப்புல செய்தி எழுதிப் போடறோமுங்க. அதையே போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பறோம். அடிக்கடி ஏதாச்சும் ஒண்ணு தப்பாப் போயிருது. கட்சிக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. எத்தனை செய்தி போடலாம், எப்படிச் சரிபார்க்கறதுங்க?"

எண்ணிக்கைக்கு ஒரே வரியில் பதில்: தலைப்புக்கு மூன்று, மொத்தம் ஒன்பது. அதற்கு மேல் எழுதினால் எழுத்து சிறுத்துவிடும், பஸ்ஸுக்கு நிற்பவர் படிக்கமாட்டார். சரிபார்ப்பதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. முழுப் பொய்யைப் பெரும்பாலும் நீங்களே மோப்பம் பிடித்துவிடுவீர்கள். காலை வாருவது உண்மைச் செய்திதான். அதில் தேதி விட்டுப்போயிருக்கும், விஷயம் எந்தப் படியில் நிற்கிறது என்பது விட்டுப்போயிருக்கும், இல்லாவிட்டால் அளவு மாறியிருக்கும். ஒவ்வொரு வரியிலும் இந்த மூன்றையும் கேட்டு எழுதினால் சண்டை பாதி குறையும்.

அரசியலில் சண்டை அதிகம் வருவது வாக்கு எண்ணும் நாளில்தான். 2021 மே 2 அன்று கோவை தெற்கில் கமல்ஹாசன் பல சுற்றுகளில் முன்னிலையில் இருந்தார். கடைசியில் 1,728 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தவர் வானதி சீனிவாசன். அதே நாள் மொடக்குறிச்சியில் சுப்புலட்சுமி ஜெகதீசனை சி. சரஸ்வதி வென்றது வெறும் 281 வாக்கில். (1996-ல் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வைத்த தொகுதியும் இதே மொடக்குறிச்சிதான்.) அன்று மத்தியானமே "வெற்றி" என்று பலகையில் எழுதியிருந்தால் சாயங்காலம் பதில் சொல்லி மாளாது.

முன்னிலை ஏன் இப்படிப் புரள்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எழுதும்போது அவசரம் வராது. காலை 8 மணிக்குத் தபால் வாக்கு, அரை மணி நேரம் கழித்து இயந்திரங்கள். ஒரு தொகுதிக்கு வழக்கமாக 14 மேசை. மேசைக்கு ஒரு வாக்குச்சாவடியின் இயந்திரம், அதுவும் சாவடி எண் வரிசைப்படி வரும். ஆக முதல் சுற்று என்பது 1 முதல் 14 வரையுள்ள சாவடிகள். அவை பெரும்பாலும் அக்கம்பக்கத்துத் தெருக்கள், அக்கம்பக்கத்து ஊர்கள். ஒரு கட்சிக்குச் செல்வாக்கான பகுதி முதலில் வந்துவிட்டால் அந்தக் கட்சி பத்து சுற்று வரைக்கும் மேலேயே இருக்கும். 300 சாவடி இருந்தால் 22 சுற்று வரும். அதனால் பலகையில் எழுத வேண்டிய முறை: "முன்னிலை, 22-ல் 9 சுற்று முடிந்தது, வித்தியாசம் இவ்வளவு, மதியம் 12.30 நிலவரம்." கடைசிச் சுற்றுக்குப் பிறகும் குலுக்கலில் எடுத்த ஐந்து சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று இயந்திரம் அச்சடிக்கும் சீட்டு) எண்ணி ஒப்பிடுவார்கள். தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பக்கத்தில் "வெற்றி" என்று மாறிய பிறகுதான் அந்த வார்த்தையை நீங்களும் எடுக்க வேண்டும். டிவி சேனல் திரையின் ஓரத்தில் ஓடும் எண்ணிக்கை அவரவர் ஆள் வைத்துச் சேகரிப்பது. ஒரு சேனலுக்கும் இன்னொரு சேனலுக்கும் ஐந்தாறு தொகுதி வித்தியாசம் வருவது சகஜம்.

வித்தியாசத்தைத் தனியாக எழுதினாலும் சங்கடம்தான். ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் 2025 பிப்ரவரி 5-ல் நடந்து 8-ல் எண்ணப்பட்டது. தி.மு.க.வின் வி.சி. சந்திரகுமார் 1,15,709, நாம் தமிழர் கட்சியின் சீதாலட்சுமி 24,151, வித்தியாசம் 91,558. அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் அந்தத் தேர்தலைப் புறக்கணித்திருந்தன. "91,558 வாக்கில் அமோக வெற்றி" என்று மட்டும் எழுதினால் ஒரு பக்கம் கொதிக்கும், "எதிரியே இல்லாத தேர்தல்" என்று மட்டும் எழுதினால் இன்னொரு பக்கம் கொதிக்கும். இரண்டையும் ஒரே வரியில் வையுங்கள். டெபாசிட் பற்றி எழுதும்போது கணக்கைச் சரியாகப் பிடியுங்கள்: செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும், நோட்டா அந்தக் கணக்கில் சேராது. சட்டமன்றத்துக்கு டெபாசிட் ரூ.10,000, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. ஈரோடு கிழக்கில் இரண்டாம் இடத்துக்கே டெபாசிட் திரும்ப வரவில்லை.

வாக்குப்பதிவு சதவீதமும் இப்படித்தான். சாயங்காலம் 5 மணிக்குச் சொல்வது ஒன்று, ராத்திரி சொல்வது ஒன்று, மறுநாள் சொல்வது ஒன்று. 6 மணிக்குள் வரிசையில் நின்றவர்கள் டோக்கன் வாங்கி அதற்குப் பிறகும் ஓட்டுப் போடுவார்கள். மலைப்பகுதிச் சாவடிகளின் கணக்கு தாமதமாக வரும். மணியைப் போடாமல் சதவீதம் எழுதினால், மறுநாள் எண் கூடியதைப் பார்த்து "கள்ள ஓட்டு" என்று ஒருவர் ஆரம்பிப்பார்.

அடுத்தது திட்டச் செய்திகள். நம் பக்கத்தில் ஒரு திட்டத்துக்கு ஏழெட்டுப் படி உண்டு: கோரிக்கை, அறிவிப்பு, நிர்வாக ஒப்புதல், நிதி ஒதுக்கீடு, டெண்டர், அடிக்கல், சோதனை ஓட்டம், திறப்பு. நாளிதழ்த் தலைப்பில் எல்லாமே "திட்டம் வருகிறது" என்றுதான் இருக்கும். அத்திக்கடவு–அவினாசித் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரியில், அ.தி.மு.க. ஆட்சியில். திறந்து வைத்தது 2024 ஆகஸ்ட் 17-ல், தி.மு.க. ஆட்சியில். 1.5 டி.எம்.சி. தண்ணீர், 1,045 குளம் குட்டைகள், ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்கள். யார் கொண்டுவந்தது என்று வருகிற சண்டைக்கு இரண்டு தேதியையும் எழுதுவதைத் தவிர வேறு மருந்து கிடையாது. கோவை மெட்ரோ விஷயத்தில் 2025 நவம்பரில் மத்திய அரசு திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பியது. 2011 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்பது சொன்ன காரணம். அதைப் பலர் "ரத்து" என்று எழுதினார்கள். திருப்பி அனுப்புவது வேறு, ரத்து வேறு. காகிதத்தில் என்ன வார்த்தை இருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

முடிவெடுத்த நாளும் அமலுக்கு வரும் நாளும் ஒன்றில்லை. ஜி.எஸ்.டி. கவுன்சில் 2025 செப்டம்பர் 3-ல் முடிவெடுத்தது, அமலானது செப்டம்பர் 22-ல். ஒரு உருப்படி ரூ.2,500 வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். "துணிக்கு வரி குறைந்தது" என்று 4-ம் தேதியே பலகையில் எழுதியிருந்தால், அன்று கடைக்குப் போனவர் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றிருப்பார். பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டுச் சட்டமும் அப்படி. 2023 செப்டம்பரில் நிறைவேறியபோதே, கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே எழுதியிருந்தது.

காவிரிச் செய்தியில் அளவு குழம்பும். விநாடிக்கு இத்தனை கன அடி என்பது தண்ணீர் போகிற வேகம், டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) என்பது மொத்தத் தண்ணீர். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. 2023-ல் காவிரி ஒழுங்காற்றுக் குழு விநாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் திறக்கச் சொன்னது. பெருக்கிப் பார்த்தால் சுமார் 6.5 டி.எம்.சி. வருடத்துக்குக் கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் வரவேண்டியது 177.25 டி.எம்.சி. என்பது 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் படிப்பவருக்குத் தானே புரிந்துவிடும், விளக்கவுரை வேண்டியதில்லை. மேட்டூர் 120 அடிக்கு 93.47 டி.எம்.சி., பவானிசாகர் 105 அடிக்கு 32.8 டி.எம்.சி. அணைக் கொள்ளளவுகளைப் பலகையின் ஓரத்தில் நிரந்தரமாகப் பெயின்டில் எழுதிவிடலாம்.

விளையாட்டுக்கு வருவோம். இங்கே கட்சிக்காரர் வரமாட்டார், ஆனால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் வருவார்கள், அவர்கள் இன்னும் கறாரானவர்கள். கிரிக்கெட்டில் அடிக்கடி சறுக்குவது நெட் ரன் ரேட், அதாவது ஓவருக்கு அடித்த ரன்னில் ஓவருக்கு விட்டுக்கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது. 15.3 ஓவர் என்பது 15 ஓவரும் 3 பந்தும், கணக்குக்கு அது 15.5. 121 ரன்னை 15.3 ஓவரில் எடுத்தால் 121-ஐ 15.5-ஆல் வகுக்க வேண்டும், 7.81 வரும். 15.3-ஆல் வகுத்தால் 7.91 வந்து பட்டியலே மாறிப்போகும். இன்னொன்று, ஆல் அவுட் ஆன அணிக்கு முழு ஓவரும் கணக்கு. 20 ஓவரில் 160 அடித்த அணி, எதிரணியை 15.3 ஓவரில் 120-க்குச் சுருட்டினால், எதிரணியின் 120-ஐ 20-ஆல்தான் வகுக்க வேண்டும். 8.00-ல் 6.00 கழிந்து +2.00. தெரியாமல் 15.5-ஆல் வகுத்தால் +0.26 என்று வரும்.

நேர வித்தியாசம் அடுத்த கண்ணி. 2026 உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டத்தின் அட்டவணை நேரம், நியூயார்க் பக்கத்து ஸ்டேடியத்தில் ஜூலை 19 பகல் 3 மணி. நம் கடிகாரத்தில் அது ஜூலை 20 அதிகாலை 12.30. நியூயார்க்குக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரம், மெக்சிகோ சிட்டிக்குப் பதினொன்றரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். "இன்றிரவு" என்று எழுதாதீர்கள். தேதியும் இந்திய நேரமும் எழுதுங்கள். காலையில் வரும் நாளிதழில் ராத்திரி ஆட்டத்தின் முடிவு இருக்காது, ஏனென்றால் வெளியூர்ப் பதிப்பு முன்னதாகவே அச்சுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட முடிவுகளைப் போட்டி நடத்தும் அமைப்பின் சொந்தத் தளத்தில் பார்த்து எழுதுங்கள்.

மூன்று விளையாட்டுச் செய்தியில் ஒன்றாவது நம்மூர்ப் பக்கத்ததாக இருக்கட்டும். டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் 2025 இறுதியில் திண்டுக்கல்லை 118 ரன்னில் வென்று திருப்பூர் தமிழன்ஸ் முதல் கோப்பையை எடுத்தது. பனியன் கம்பெனிக்குப் போகிறவர் ஒரு நிமிடம் நின்று படிப்பது அந்த மாதிரி வரியைத்தான். சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோ 2016-ல் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸ் 2024-ல் வெண்கலம் வாங்கினார். அவரைப் பற்றி எழுதும்போது "ஒலிம்பிக்" என்று சுருக்கக் கூடாது, டி63 போன்ற உடல் குறைபாட்டுப் பிரிவையும் போட வேண்டும். பிரிவு இல்லாமல் தாண்டிய உயரத்தை மட்டும் எழுதினால் வேறு பிரிவின் சாதனையோடு ஒப்பிட்டுக் குழப்புவார்கள்.

உலகச் செய்திதான் உங்கள் பலகையில் மிகவும் பலவீனமாக இருக்கும் என்று நினைக்கிறேன், பெரும்பாலான பலகைகளில் அப்படித்தான். எங்கோ வெடித்தது, யாரோ ராஜினாமா என்று மூன்று வரி வரும். படிப்பவருக்கு அதில் பிடி கிடைக்காது. நூல் விலை, முட்டை விலை, கன்டெய்னர் வாடகை இவற்றில் எதையாவது தொடுகிற உலகச் செய்தி தினமும் ஒன்று கிடைக்கும். அதை முதலில் போடுங்கள்.

அமெரிக்க வரியை எடுத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. சேர்த்து அப்போது 50 ஆனது. இதில் மூன்று தப்பு ஊரெங்கும் நடந்தது. ஒன்று, 50-தான் மொத்தம் என்று எழுதியது. பருத்தி டி-சர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீத வரி உண்டு. அதன்மேல் 50 ஏறினால் 66.5. துறைமுகத்தில் 5 டாலர் மதிப்புக் காட்டும் டி-சர்ட்டுக்கு வரி மட்டும் 3.33 டாலர். இரண்டு, "திருப்பூர் கட்ட வேண்டிய வரி" என்று எழுதியது. கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர். ஆனால் அவர் சும்மா இருக்கமாட்டார், "பாதியை நீங்க ஏத்துக்கங்க" என்று டிஸ்கவுண்ட் கேட்பார், ஆர்டரை நிறுத்தி வைப்பார். அந்த அழுத்தம் ஏற்றுமதியாளரிடமிருந்து கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு இறங்கி, கடைசியில் பவர் டேபிளில் உட்கார்ந்து தைப்பவரின் பீஸ் ரேட்டில் வந்து நிற்கும். மூன்று, நம் வரியை மட்டும் எழுதியது. அப்போது வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் கூடுதல் வரி 20 சதவீதம். நமக்கு 50 என்பதைவிட அவர்களுக்கு 20 என்பதுதான் ஆர்டரை நகர்த்தியது. வரி விகிதம் மாறிக்கொண்டே இருக்கும் சரக்கு. எந்தத் தேதி முதல் எவ்வளவு என்று சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ஒப்பந்தச் செய்தியிலும் படி பார்க்க வேண்டும். பேச்சுவார்த்தை முடிந்தது, கையெழுத்தானது, நாடாளுமன்ற ஒப்புதல் கிடைத்தது, அமலுக்கு வந்தது என்று நான்கு. இந்தியா–பிரிட்டன் ஒப்பந்தம் 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானபோது "நாளை முதல் வரியில்லை" என்று ஸ்வீட் கொடுத்தவர்கள் உண்டு. பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீத வரி விலக்கு வந்ததும் அப்படிக் கவனிக்க வேண்டிய செய்தி. 2025 ஆகஸ்ட் 19-ல் தொடங்கி முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். முடியும் தேதியை விட்டுவிட்டால் செய்தி பாதிதான்.

உலகப் பஞ்சு விலை ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று வரும். நம் வியாபாரிக்கு வேண்டியது ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ. சென்ட் எண்ணை 7.85-ஆல் பெருக்கினால் ஒரு கேண்டிக்கு எத்தனை டாலர் என்று கிடைக்கும், அதை அன்றைய டாலர் விலையால் பெருக்குங்கள். 70 சென்ட், டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் சுமார் ரூ.46,700. இது கப்பல் கூலி, வரி சேராத விலை. மில்காரர்கள் மாத ஆரம்பத்தில் நூல் விலை அறிவிக்கும்போது ஏன் ஏறியது, ஏன் அப்படியே நிற்கிறது என்று ஓரளவு பிடிபடும். ஏற்றுமதி வளர்ச்சி எண்ணில் ரூபாயா டாலரா என்று பாருங்கள். ரூபாய் மதிப்பு சரிந்த வருடத்தில் ரூபாய்க் கணக்கு வளர்ச்சி பெரிதாகத் தெரியும். மில்லியன் என்றால் 10 லட்சம், பில்லியன் 100 கோடி, டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. இதையும் அந்தப் பெயின்ட் ஓரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செங்கடலில் 2023 நவம்பரில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதும் பல கப்பல் கம்பெனிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஐரோப்பாவுக்கு பத்து நாள் முதல் இரண்டு வாரம் கூடுதல். தூத்துக்குடியில் ஏற்றிய சரக்குக்குப் பணம் வருவதும் அவ்வளவு தள்ளிப்போகும். ஒரு போர்ச் செய்தியை இந்தப் பக்கத்திலிருந்து எழுதினால் நம்மூரில் யாரும் "இது எதுக்குங்க" என்று கேட்கமாட்டார்கள். உயிரிழப்பு எண்ணிக்கை வந்தால் யார் சொன்னது என்பதைக் கட்டாயம் சேருங்கள். போர் நேரத்தில் இரண்டு தரப்பும் இரண்டு எண் சொல்லும்.

வதந்தி பற்றி ஒன்று. 2023 மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு இடத்தில், வேறு காரணத்துக்காக நடந்தவற்றை ஒட்டிப் பரப்பியிருந்தார்கள். ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பிய கூட்டத்தையும் பயந்து ஓடுகிற கூட்டம் என்று சேர்த்துவிட்டார்கள். திருப்பூரிலும் கோவையிலும் நிஜமாகவே பயந்துபோய்க் கிளம்பியவர்கள் உண்டு. காவல்துறை மறுப்பு வெளியிட்டு வழக்குப் போட்டது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் பார்க்க வைத்தது. இப்படி ஒரு வீடியோ உங்கள் குழுவுக்கு வந்தால் முதலில் கடைப் பலகையோ வண்டி நம்பரோ தெரிகிற இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே ஒட்டிய எழுத்தை வெட்டிவிட்டு கூகுள் லென்ஸில் போடுங்கள். பழைய பதிவு பெரும்பாலும் மாட்டும். திருப்பூர் என்று சொல்லும் வீடியோவில் டி.என். 39, 42 வண்டி ஒன்றுகூடக் கண்ணில் படாமல், கடைப் பலகையும் தமிழில் இல்லாமல் இருந்தால் அதை அத்தோடு ஒதுக்கிவிடலாம். டிவி சேனல் பெயரோடு வரும் நியூஸ் கார்டை அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தினசரி வேலையை ராத்திரி 9 மணிக்கும் காலை 6 மணிக்கும் பிரித்துக்கொள்ளலாம். ராத்திரி பன்னிரண்டு செய்தி குறித்துவையுங்கள். காலையில் மாறியதை மாற்றி, மூன்றைத் தள்ளிவிட்டு ஒன்பதை எழுதுங்கள். இரண்டு இடத்தில் பார்க்கச் சொல்வார்கள், அதில் ஒரு சூட்சுமம் உண்டு: மூன்று நாளிதழும் பி.டி.ஐ. என்ற செய்தி நிறுவனம் கொடுத்த அதே செய்தியைப் போட்டிருந்தால் அது ஒரே இடம்தான். செய்தி நிறுவனத்தின் பெயர் முதல் வரியிலோ கடைசியிலோ இருக்கும். ஒரு செய்திக்கு இருபது வார்த்தை போதும். "பரபரப்பு", "அதிரடி", "ஆப்பு" போன்ற சொற்களை எடுத்துவிட்டுப் பாருங்கள், வரி நிற்கவில்லை என்றால் அதில் செய்தியே இல்லை.

பலகையின் வலது கீழ் மூலையில் "காலை 7 மணி நிலவரம்" என்று தேதியோடு எழுதிவிட்டுப் போட்டோ எடுங்கள். மூலையும் போட்டோவில் விழ வேண்டும், ஏனென்றால் அந்தப் படம் ஆறு மாதம் கழித்தும் குழுக்களில் சுற்றும். எழுதியது தப்பென்று தெரிந்தால் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். மறுநாள் முதல் வரியாக "திருத்தம்" என்று போட்டு, நேற்று எழுதியதையும் சரியானதையும் சேர்த்து எழுதுங்கள். திருத்தம் போட்ட தேதிகளை ஒரு நோட்டில் குறித்து, பக்கத்தில் தேதியா படியா அளவா என்று ஒரு வார்த்தை எழுதிவையுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் பலகைக்கு எந்த ஓட்டை என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.